மன்னிப்புக்கு முன் ஒரு விசாரணை

ஐந்து வருடங்களுக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப் போனவன் திரும்பி வருகிறான். அவள் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறாள். அவன் வந்த நாளிலிருந்து பேசாத தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. இரவில் யாரோ வீட்டைச் சுற்றுகிறார்கள். ஆபத்தைக் கொண்டுவந்தவன் அவனா, அதிலிருந்து காக்க வந்தவன் அவனா என்பது கடைசி அத்தியாயம்வரை தெரியாது. கடைசியில் தெரிகிறது: அவள் உயிரைக் காப்பாற்றத்தான் அவளை விட்டுப் போனானாம்!

மாத நாவல் படிக்கும் பழக்கமுள்ள எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். தெரிந்தும் ஏன் மறுபடி மறுபடி படிக்கிறோம்?

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வேலைக்குப் போகும் பெண்களிடமும், ரயில் சந்திப்பில் வண்டிக்குக் காத்திருக்கும் மாணவிகளிடமும் அட்டை கிழிந்த இந்த நாவல்களைப் பார்த்திருக்கிறேன். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் ஓர் அக்காவிடம் இதில் எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டேன். கட்டிப்பிடிக்கும் இடமோ கல்யாணமோ அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவன் எதிரே உட்கார்ந்து, ஏன் போனேன், எங்கே இருந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லும் இடம்தான் பிடிக்கும் என்றார்.

அவர் சொன்னதைத்தான் இந்த வகை நாவலின் மையம் என்று நினைக்கிறேன். மறுவாய்ப்புக் காதல் மன்னிப்பின் கதை என்று வழக்கமாகச் சொல்கிறோம். மர்மம் சேர்ந்ததும் அது விசாரணையின் கதையாகிவிடுகிறது. குடும்பக் கதையில் கணவன் திரும்பி வந்தால் காலைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காரலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கோவலன் திரும்பி வந்தபோது கண்ணகி கேட்கவில்லை; அவளுடைய கேள்விகள் அவன் செத்தபிறகு பாண்டியனிடம் கேட்கப்பட்டவை. மர்ம நாவலிலோ துப்பு துலங்காமல் கதை முடியாது என்பது விதி. அந்த விதி கதாநாயகிக்குச் சாதகமாக வேலை செய்கிறது. அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தக் கலவை புதியதல்ல. 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தத் தொடங்கிய வை.மு. கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். குடும்பத்தையும் காதலையும் துப்பறிதலையும் ஒரே அடுப்பில் ஏற்றியவர் அவர்.

அமெரிக்க ஆய்வாளர் ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலில், ஓர் ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களோடு பேசி எழுதினார். வாங்குவதற்கு முன்பே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அவர்களில் இருந்தார்கள். நல்லபடியாக முடியும் என்ற உத்தரவாதம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கதாநாயகனின் கொடுமைக்கு ஒரு காரணம் இருந்தது, உள்ளுக்குள் அவன் காதலித்துக்கொண்டுதான் இருந்தான் என்று பின்னால் தெரியவருவதே அந்த நாவல்களின் வழி என்று ராட்வே காட்டினார். வாசிப்பு அவர்களுக்குத் தனக்கென்று எடுத்துக்கொண்ட நேரமாக இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதினார். படிக்கிற பெண்ணைக் கேலி செய்யாத ஆய்வு அது. நம் விமர்சகர்கள் ரமணிசந்திரனைப் படிப்பவர்களைப் பற்றிப் பேசும்போது இந்த மரியாதையை அநேகமாகக் கைவிட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இதைவிடக் கூர்மையாகப் படுவது ஜோனா ரஸ் 1973இல் எழுதிய கட்டுரை. யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவன்தான் என்று நினைக்கிறேன் என்பது அதன் தலைப்பு. இந்த வகை நாவல்களில் முரட்டுத்தனமாக நடந்து பயமுறுத்துகிறவன் நல்லவனாகிவிடுகிறான். சாந்தமாக, ஆதரவாக இருந்தவன் குற்றவாளியாகிவிடுகிறான் என்பதை ரஸ் கவனித்தார். நம் நாவல்களுக்கும் இது அப்படியே பொருந்தும். விட்டுப்போன ஐந்து வருடமும் அவளுக்கு வேலை தேடித் தந்தவன், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்து வந்தவன் ஒருவன் இருப்பான். கடைசி அத்தியாயத்தில் கத்தியோடு நிற்பது அவன்தான். அவன் இல்லாவிட்டால் ஒரு பொறாமைக்கார அத்தை மகள், அல்லது மாமியார். விசாரணை என்னவோ நடக்கிறது. தீர்ப்பு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. காணாமல்போனவனைக் கூண்டில் ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தண்டனை கொடுக்கிறார்கள். அதோடு, உன்மேல் அன்பாக இருப்பவனைச் சந்தேகப்படு, உன்னை அழவைத்தவனை நம்பு என்ற பாடமும் இலவச இணைப்பாக வருகிறது.

விசாரணை உண்மையிலேயே ஆணைச் சுட்டுகிற படைப்பு நம்மிடம் இல்லாமலில்லை. 1964இல் வந்த ‘புதிய பறவை’யில் கோபாலுக்கு லதா இரண்டாவது வாய்ப்பு. காதலின் நடுவே இறந்துபோன முதல் மனைவி சித்ரா உயிரோடு வந்து நிற்கிறாள். வந்தவள் போலி, லதா போலீஸ், கோபாலின் கையால்தான் சித்ரா இறந்தாள் என்று கடைசியில் தெரிகிறது. காதலிக்கிற பெண்ணே துப்பறிகிறாள், வாக்குமூலத்தையும் வாங்கிவிடுகிறாள். ஆனால் அந்த வாக்குமூலம் முழுக்கச் சித்ராவின்மேல் குற்றப்பத்திரிகைதான். குடித்தாள், இரவில் ஊர் சுற்றினாள், அடித்தேன், இறந்தாள். நமக்குக் கிடைப்பது கோபாலின் நினைவில் உள்ள சித்ராவும் போலீஸ் அனுப்பிய சித்ராவும் மட்டுமே. அவள் பக்கத்துக் கதையைச் சொல்ல ஒரு காட்சிகூட இல்லை. அரங்கமும் லதாவின் காதலும் கோபாலுக்காகவே கண்ணீர் விடுகின்றன.

நாவலுக்கு வெளியே மறுவாய்ப்பு எப்படி வருகிறது? இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, விலகிப்போன துணையைத் திரும்பச் சேர்ந்து வாழ ஆணையிடுமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்கிறது. 1983இல் டி. சரிதா வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணின் உடல்மீதும் அந்தரங்கத்தின்மீதும் அரசு கைவைப்பதாகும் என்று அந்தப் பிரிவை ரத்து செய்தது. அடுத்த வருடமே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், திருமணம் முறியாமல் காக்கும் சமூக நோக்கம் அதற்கு உண்டு என்று சொல்லி அதைச் செல்லும் என்றது. வீடுகளிலும் ஊர்ப் பேச்சுவார்த்தைகளிலும் இதற்குச் சட்டமே தேவையில்லை. புத்திமதி சொல்லி அனுப்பிவைக்கிறார்கள். ஒரே ஒரு வாய்ப்புக் கொடும்மா என்கிறார்கள். அந்த வாய்ப்பைக் கேட்பவர்கள் பெரியவர்கள். அவன் தலைகுனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்வி அந்த அறையில் எழவே எழாது. நூறு பக்கம் அந்தக் கேள்வியை மட்டுமே கேட்கும் ஒரு புத்தகத்தின்மேல் பெண்களுக்கு ஆசை வருவதில் என்ன ஆச்சரியம்?

எங்கள் ஊர் வேலையில் ஒரு கணக்கு உண்டு. சூளைக்குப் போகாத பொம்மை உடைந்தால் ஊறவைத்துத் திரும்பப் பிசைந்து மண்ணாக்கிவிடலாம். ஒருமுறை சுட்டது திரும்ப மண்ணாகாது. இந்த நாவல்கள் எல்லா முறிவையும் சுடாத மண்ணாகவே நடத்துகின்றன. வெறும் தவறான புரிதலால் பிரிந்தவர்களும், அடி வாங்கி வெளியே வந்தவளும் அவற்றுக்கு ஒன்றுதான்.

எங்கள் ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், 1943இல் எழுதிய ‘சாப விமோசனம்’ இந்த வேறுபாட்டை அறிந்த கதை. கல்லாய்க் கிடந்த அகலிகை எழுகிறாள். கோதமன் மனம் வருந்துகிறான், அன்பாக இருக்கிறான், சந்தேகப்படவில்லை. மாத நாவலாக இருந்தால் அங்கேயே ‘சுபம்’ போட்டிருப்பார்கள். இங்கே அதற்குப் பிறகுதான் கதை தொடங்குகிறது. யார் எதைச் சொன்னாலும் அதற்கு உள்ளர்த்தம் இருக்குமோ என்று அவள் கூசுகிறாள். காட்டிலிருந்து திரும்பிய சீதை, தான் தீக்குளித்ததையும் அதைக் கேட்டவன் ராமன் என்பதையும் சொல்கிறாள். தன்னைக் கல்லிலிருந்து எழுப்பிய அதே ராமன். அதன்பின் கோதமன் தழுவும்போது அவளுக்கு அது இந்திரனாகப் படுகிறது. மறுபடி கல்லாகிறாள்.

கல்லூரியில் இந்தக் கதையைத் தனியாக, உயர்ந்த இலக்கியம் என்று நடத்துகிறார்கள். விடுதியில் மாணவிகள் மாத நாவலைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படிக்கிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்துப் பாருங்கள். பதில் கிடைத்த பிறகும் ஒரு பெண்ணால் ஏன் திரும்ப முடியாமல் போகிறது என்று மாத நாவலின் கதாநாயகியிடம் கேட்கலாம். பதில் சொல்லாமல் யாரும் வீட்டுக்குள் வர முடியாது என்ற அவளுடைய பிடிவாதத்தை அகலிகைக்கும் சீதைக்கும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம்.