பசிக்கு ஒரு தெர்மாஸ்டாட்டா?

வகுப்பில் ஈருலோகப் பட்டையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தானியங்கி இஸ்திரிப் பெட்டியில் குறிப்பிட்ட அளவு சூடு ஏறியதும் பட்டை வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கிறது. ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கிறது. ஒரு மாணவர் எழுந்து, "நம் பசியும் இப்படித்தானாம், சார். கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஸ்விட்சைப் போடுகிறது, லெப்டின் என்ற திருப்தி ஹார்மோன் அணைக்கிறது என்று படித்தேன்" என்றார். வகுப்பு முடிந்த பிறகு அவரே தனியே வந்து, "அப்படியானால் என் ஸ்விட்ச் கெட்டுப்போயிற்றா, சார்?" என்று கேட்டார். அவர் சற்றுப் பருமனானவர். வெறும் ஆர்வத்தால் வந்த கேள்வியன்று அது. பொது அறிவியல் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் இந்தத் தெர்மாஸ்டாட் உவமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்க்கத் தோன்றியது.

உவமைக்கு நல்ல பரம்பரை உண்டு. உடலில் சேர்ந்துள்ள கொழுப்பின் அளவு ஏதோ ஒரு வழியில் மூளைக்குத் தெரிவிக்கப்படுகிறது, அதற்கேற்ப உணவின் அளவு கட்டுப்படுகிறது என்று 1953-இல் கென்னடி என்பவர் கூறினார். அந்தச் செய்தி இரத்தத்தின் வழியே செல்கிறது என்பதை அமெரிக்காவின் ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் கோல்மன் அழகாகக் காட்டினார். அவரிடம் பிறவியிலேயே பருத்த சுண்டெலிகள் இரு வகை இருந்தன. இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து, இரத்தம் கலக்குமாறு உடலோடு உடல் இணைத்துத் தைத்தார். முதல் வகை எலி உண்பதை நிறுத்திப் பட்டினியால் இறந்தது. இரண்டாம் வகை எலிக்கு ஒன்றும் ஆகவில்லை; அது பருத்துக்கொண்டே போயிற்று. 'போதும்' என்ற செய்தி இரண்டாம் எலியின் இரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது, ஆனால் அதன் மூளைக்கு அது கேட்கவில்லை. முதல் எலிக்குக் கேட்கும் திறன் உண்டு, செய்திதான் சுரக்கவில்லை. 1973-இல் கோல்மன் கண்ட முடிவு இது. அந்தப் பொருள் கைக்குக் கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1994-இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அதற்குரிய ஜீனைக் கண்டுபிடித்தனர். கொழுப்புத் திசுவில் சுரக்கும் அந்த ஹார்மோனுக்கு, மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

இதுவரை உவமையில் பெரிய குறை இல்லை. கோல்மனின் சோதனையைப் புரிந்துகொள்ள அது உதவவே செய்கிறது. பெயர் வைத்த பிறகுதான் தொல்லை.

மெலிய வைக்கும் பொருள் என்றால் ஊசி போட்டால் மெலியத்தானே வேண்டும்? அந்த நம்பிக்கையில் ஆம்ஜென் நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து உரிமையை வாங்கியது. 1999-இல் வெளிவந்த சோதனை முடிவு ஏமாற்றமாக இருந்தது. பருமனானவர்கள் பெரும்பாலோர் இரத்தத்தில் லெப்டின் முன்பே மிகுதியாக இருக்கிறது. இன்னும் ஊற்றினால் சிறிதளவே பயன். அதே ஆண்டில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பிறவியிலேயே லெப்டின் சுரக்காத ஒன்பது வயதுச் சிறுமிக்கு அதைக் கொடுத்தபோது, 90 கிலோவுக்கு மேலிருந்த அவள் எடை வேகமாகக் குறைந்தது. முதல் வகைச் சுண்டெலியின் கதைதான். இத்தகைய குறைபாடு மிக அரிது.

1996-இல் பாஸ்டனில் செய்த சோதனை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பட்டினி போட்ட சுண்டெலிகளில் லெப்டின் விழுகிறது. தைராய்டும் இனப்பெருக்கமும் தளர்கின்றன. வெளியிலிருந்து லெப்டின் கொடுத்தால் அந்தத் தளர்ச்சி பெருமளவு குறைகிறது. அதாவது லெப்டின் குறைவது 'சேமிப்பு தீர்கிறது' என்ற அபாய அறிவிப்பு. அதை உடல் உடனே மதிக்கிறது. கூடினாலோ அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பக்கம் மட்டும் கண்டிப்பாக வேலை செய்யும் தெர்மாஸ்டாட்டை எந்தக் கடைக்காரரும் விற்க முடியாது!

கிரெலினுக்கும் இதே கதிதான். 1999-இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையில் இதைக் கண்டனர். ஊசியாகப் போட்டால் பசி எழுகிறது என்பது உண்மை. ஆனால் கிரெலின் ஜீனையே நீக்கிய சுண்டெலிகள் வழக்கம்போல் உண்டு வளர்ந்தன என்று 2003-இல் தெரிந்தது. பசி ஹார்மோன் இல்லாமலே பசி! ஊசி போட்டால் ஒன்று நிகழ்கிறது என்பதும், அது இல்லாவிட்டால் நிகழாது என்பதும் வேறு வேறு செய்திகள். கட்டுரைகளில் இவை இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

இனி மூளைச் செல்கள். ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் இரு வகை நரம்புச் செல்கள் அருகருகே உள்ளன: உண்ணத் தூண்டும் ஏஜிஆர்பி செல்கள், அடக்கும் பிஓஎம்சி செல்கள். நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சில பத்து மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். அந்த வேறுபாடு ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் செல் துடிப்பை அனுப்பும். லெப்டின் பிஓஎம்சி செல்லை அந்த எல்லைக்கு அருகே கொண்டுவருகிறது. ஏஜிஆர்பி செல்லை விலக்கி வைக்கிறது. கிரெலின் ஏஜிஆர்பி செல்லின் துடிப்பை மிகுவிக்கிறது. ஆக, ஹார்மோன்கள் செய்வது துடிப்பின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். போடுவதும் அணைப்பதும் அல்ல. ஏஜிஆர்பி செல்களுக்கு மட்டும் ஒளியால் துடிப்பூட்டியபோது, வயிறு நிறைந்த சுண்டெலிகள் சில நிமிடங்களில் உண்ணத் தொடங்கின என்று 2011-இல் காட்டினார்கள்.

என்னை வியக்க வைத்தது 2015-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சக்கரி நைட் குழுவினர் செய்த சோதனை. பசித்த சுண்டெலியின் ஏஜிஆர்பி செல்களை நேரடியாகக் கவனித்தார்கள். உணவைக் கண்டு முகர்ந்த சில விநாடிகளில், முதல் கவளம் வாய்க்குள் போவதற்கு முன்பே, அவை அடங்கத் தொடங்கின. உணவை எடுத்துவிட்டால் மீண்டும் எழுந்தன. அந்தச் சில விநாடிகளில் இரத்தத்தில் எந்த ஹார்மோனும் மாறியிருக்க முடியாது. வரப்போவதை மூளை முன்கூட்டியே கணக்கிடுகிறது. துணியைக் கண்டவுடன் ஆறிவிடும் இஸ்திரிப் பெட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாணவரிடம் இவற்றைச் சொல்லி, "கெட்டுப்போக அங்கே ஸ்விட்சே இல்லை, தம்பி" என்றேன். ஹார்மோன்களை வேண்டுமானால் ஒலிபெருக்கியின் அளவுக் குமிழுக்கு ஒப்பிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதுவும் உவமைதான்; குமிழ் ஒன்றல்ல, பல. அவர் சற்று யோசித்துவிட்டு, "முதல் கவளத்துக்கு முன்பே அந்தச் செல்கள் அடங்கிவிட்டால், சுண்டெலி ஏன் சாப்பிடுகிறது, சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நைட் குழுவினரையும் அதே கேள்வி விடவில்லை. உணவு இல்லாத வேளையில் அந்தச் செல்களைச் சிறிது நேரம் துடிக்கவிட்டு நிறுத்தி, அதன் பிறகு உணவு வைத்தாலும் சுண்டெலி நெடுநேரம் உண்கிறது என்று 2016-இல் கண்டார்கள். துடிப்பு நின்ற பிறகும் அதன் விளைவு மூளையில் தங்குகிறது.