தலை வெட்டும் போட்டோ ஃபிரேம்

எழுபதைத் தாண்டிய அப்பாவுக்கு கிறிஸ்துமஸ் பரிசு வாங்குவதைவிட வருமான வரி நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது சுலபம். சட்டை எடுத்தால் "இருக்கிறதையே போட்டுத் தீரல" என்பார். வாட்ச் என்றால் டப்பாவோடு பீரோவுக்குள் போய்விடும். பிளட் பிரஷர் பார்க்கும் மிஷினைத் தன் வயதைக் குத்திக்காட்டும் வேலையாக எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு வாங்கிய கால் மசாஜ் மிஷின் இப்போது ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. தூத்துக்குடி வெக்கையில் ஸ்வெட்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதனால் போன கிறிஸ்துமஸுக்கு டிஜிட்டல் போட்டோ ஃபிரேம். விலை எட்டாயிரத்துச் சொச்சம். அப்பாவிடம் நாலாயிரம், அதுவும் ஆஃபரில் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பெற்றோருக்குப் பொருள் வாங்குகிற எல்லாருக்கும் இந்தப் பாதி விலைக் கணக்கு தெரியும்.

பிராண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் கிடைப்பவற்றில் மேலே ஒட்டிய பெயரைத் தவிரப் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 10.1 அங்குலத் தொடுதிரை, 1280க்கு 800 பிக்சல், வைஃபை, 16 ஜிபி இடம், பின்னால் ஒரு முட்டுக்கால். போனில் செயலியை இறக்கி, திரையில் வரும் எண்ணைத் தட்டினால் இணைந்துவிடும். குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் படம் அனுப்பலாம். தோஹாவில் தங்கச்சி அனுப்பினால், டீ ஆறுவதற்குள் தூத்துக்குடி ஹாலில் படம் வந்துவிடுகிறது. இந்த வேலையை அது ஒரு வருஷமாகச் சொதப்பாமல் செய்கிறது. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் தனியாகப் பெயர் கொடுத்துத் திறந்துவையுங்கள். பெரும்பாலான ஃபிரேம்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

இனி நான் பேசப்போவது இதன் ஒரே ஒரு குணத்தைப் பற்றி. இது தலையை வெட்டுகிறது.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. பனிமய மாதா கோவில் வாசலில் என் மகன் நிற்கும் படம். திரையில் பெல்ட் பக்கிள் இருக்கிறது, கையில் பிடித்த பலூன் நூல் இருக்கிறது, கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. "ஏல, புள்ள தலை எங்கல?" என்றார் அப்பா. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த படம் தங்கச்சியும் மாப்பிள்ளையும்: ஒரு வேட்டிக் கரை, ஒரு புடவைக் கொசுவம்.

இது ரிப்பேர் அல்ல, கணக்கு. படுக்கவைத்த திரையின் அளவு 16க்கு 10. நம் வீடுகளில் யாரும் போனைப் படுக்கவைத்துப் படம் எடுப்பதில்லை. நிமிர்த்திப் பிடித்தால் படம் 3க்கு 4. அந்த நெட்டைப் படத்தால் இந்த அகலத் திரையை இடைவெளி விடாமல் நிரப்ப, இரண்டு ஓரத்தையும் ஒட்டவைத்துவிட்டு மேலேயும் கீழேயும் வெட்டித் தள்ளுகிறார்கள். மிஞ்சுவது படத்தில் 47 சதவீதம். வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கென்று எடுத்த 9க்கு 16 படமானால் 35 சதவீதம். வெட்டு நடுப்பகுதியை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறது. நிற்கிற மனிதனின் நடுப்பகுதி வயிறு.

முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதை இன்று மலிவான போன் கேமராகூடச் செய்கிறது. வீட்டார் முகத்தைக் காட்டுவதற்கென்றே செய்த பொருளுக்கு அந்த அறிவைக் கொடுக்காமல் பெட்டியில் அடைத்த பொறியாளரை நான் ஒருநாள் சந்திக்க விரும்புகிறேன். படம் அனுப்பும்போதே விரலால் இழுத்து எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிக்க வழி இருக்கிறது, உண்மைதான். தோஹாவில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் ஒவ்வொரு படத்துக்கும் அதைச் செய்வாளா?

செட்டிங்ஸில் "முழுப் படத்தையும் காட்டு" என்றும் ஒன்று உண்டு. அதைப் போட்டால் 1280 பிக்சல் அகலத்தில் படத்துக்கு 600தான். இரண்டு பக்கமும் 340, 340 காலி. அந்தக் காலியிடத்தில் அதே படத்தை மங்கலாக்கிப் பரப்புகிறது மென்பொருள். டிசைன் படித்தவர்களுக்கு அது அழகாக இருக்கலாம். அம்மாவுக்குக் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி இருந்தது. "எய்யா, இதுல பனி பிடிச்சிருக்கே" என்று முந்தானையால் துடைத்தாள். துடைத்ததும் படம் மாறியது. மறுபடி துடைத்தாள், மெனு திறந்தது. இன்னும் அழுத்தித் துடைத்ததில் வெளிச்சம் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. தங்கச்சிக்கு போன் வந்தது: "அண்ணன் வாங்கிக் கொடுத்தது செத்துப்போச்சு." தினம் காலையில் சுவரில் இருக்கிற படங்களையெல்லாம் துடைக்கிற வீட்டில் தொடுதிரையைக் கொண்டுபோய் வைத்தால் இதுதான் நடக்கும். திரையைப் பூட்டிவைக்கும் வசதியைத் தேடிப் பார்த்தேன், கடவுச்சொல் கேட்கிறது. அப்பாவுக்குக் கடவுச்சொல் என்றாலே வங்கி மோசடி.

சரி, நிமிர்த்தி வைக்கலாம். உள்ளே சென்சார் இருக்கிறது, ஃபிரேமைத் திருப்பினால் படமும் திரும்புகிறது. நிமிர்ந்த திரையில் போன் படம் 83 சதவீதம் தெரியும், தலை தப்பிக்கும். பேரப்பிள்ளைகள் முழுசாக வந்ததும் அம்மாவுக்குப் பரம திருப்தி. இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம், ஈஸ்டருக்குச் சித்தப்பா வராமல் இருந்திருந்தால்.

சித்தப்பா உயரம். அதனால் எந்தக் குடும்பப் படத்திலும் ஓரத்தில்தான் நிறுத்துவார்கள். படுக்கையாக எடுத்த குழுப் படத்தை நிமிர்ந்த திரை இடமும் வலமும் கால் பங்குக்கு மேல் கழித்துவிடும். தங்கச்சி கல்யாணப் படம் வந்தது, சித்தப்பா இல்லை. புதுமனைப் புகுவிழாப் படம் வந்தது, சித்தப்பா இல்லை, சித்தியின் அரைத் தோள் மட்டும் இருந்தது. பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தவர், "என்னைய வெட்டிட்டியளே மைனி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எட்டு சென்ட் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் நாலு வருஷம் பேசாமல் இருந்த குடும்பம் இது. அந்தச் சிரிப்பை யாரும் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலையே ஃபிரேம் படுக்கைக்குத் திரும்பியது. பழைய கல்யாண ஆல்பத்தை அப்பாவே பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார், "இதுல இருக்கிறதை ஏத்து, எல்லாரும் தெரியணும்" என்று. இந்தக் கருவியின் இன்னொரு முகம் எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

யாஷிகா போன்ற 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக்களின் படம் 3க்கு 2. அந்தக் காலத்து ஆறுக்கு நாலு அங்குலப் பிரிண்டும் அதே விகிதம். கேமராவின் வடிவமே கையைப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொல்லும், முக்கால்வாசிப் படங்கள் அப்படித்தான் இருக்கும். 16க்கு 10 திரையில் அவை 94 சதவீதம் தெரிகின்றன. ஒரு தலை போகவில்லை, ஒரு சித்தப்பா போகவில்லை. இன்றைய போனுக்கென்று விற்கிற பொருள் எண்பதுகளின் ஆல்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. அதற்கும் முந்தைய ஆக்ஃபா கிளிக் 3 படங்கள் சதுரம், 120 ரோலுக்குப் பன்னிரண்டு. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும். ஆனால் அந்தக் கேமராவில் கிட்டப் போய் எடுக்க முடியாது. ஆட்கள் நடுவில் சிறிதாக நிற்பார்கள், வெட்டுப்படுவது வானமும் மணலும்தான்.

ஸ்கேனர் தேவையில்லை. கூகுள் 2016இல் வெளியிட்ட ஃபோட்டோஸ்கேன் செயலி ஒரே பிரிண்டை நாலு கோணத்தில் எடுக்கவைத்து, விளக்கொளி பட்டுத் தெறிக்கிற வெள்ளையை அழித்துவிடுகிறது. பிளாஸ்டிக் தாள் ஒட்டிப்போன ஆல்பத்தில் படத்தைப் பிய்த்தெடுக்க முயலாதீர்கள், தாளோடு சேர்த்தே எடுங்கள். இன்னொன்று: படங்களை வாட்ஸாப்பில் படமாக அனுப்பி அங்கிருந்து ஏற்றாதீர்கள். அது படத்தைச் சுருக்குவதோடு உள்ளே பதிந்திருக்கும் தேதி விவரத்தையும் உரித்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் தங்கும். ஸ்கேன் செய்த படத்திலோ ஸ்கேன் செய்த நாள்தான் பதிந்திருக்கும். என் அம்மாவின் கல்யாணம் இந்த வருஷம் ஏப்ரலில் நடந்ததாக ஃபிரேம் ஹாலில் அறிவித்தது. துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற அப்பா ஒவ்வொரு படத்தின் முதுகிலும் மைப் பேனாவால் தேதி எழுதிவைத்திருக்கிற ஆள். அவர் வாசிக்க வாசிக்க நான் தலைப்புகளைத் தட்டச்சு செய்தேன். தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது, அதைப் பாராட்ட வேண்டும்.

பரிசு பலித்தது அதற்குப் பிறகுதான். அப்பா காலை காபியோடு ஃபிரேம் முன்னால் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிக்கிறார். இந்தப் படத்தில் லாரன்ஸ் மாமா போட்டிருப்பது என் சட்டை, திருப்பித் தரவே இல்லை. இது மணப்பாடு இல்லை, உவரி. யார் தப்பாக எழுதியது? இந்தக் கேக் சரியாக வேகவில்லை. குறை சொல்வதற்குத் தினமும் புதுச் சரக்கு கொடுக்கிற பரிசை இதற்கு முன் யாரும் அவருக்குத் தந்ததில்லை. எனக்கு போன் போட்டு, "அந்த எண்பத்தி மூணாம் வருஷக் குடில் படம் எங்க?" என்று கேட்கிறார். பேசக் கூப்பிட்டால் "உங்கம்மாட்ட குடுக்கேன்" என்கிற மனிதர்.

சிக்கல், வீட்டில் ஃபிரேம் ஒன்றுதான். அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் வேண்டும், அதற்கு நிமிர்த்த வேண்டும். அப்பாவுக்கு ஆல்பம் வேண்டும், அதற்குப் படுக்கப்போட வேண்டும். காலைப் பூசை முடிந்து வந்ததும் அம்மா நிமிர்த்துகிறாள். காபி ஆறுவதற்குள் அப்பா சாய்க்கிறார். நாங்கள் போயிருந்த மே மாதம் முழுக்க இதை வேடிக்கை பார்த்தோம். எது எப்படித் திரும்பினாலும் யாரோ ஒருவர் பாதியாகிறார். ஆரா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கார்வர் மாடல் இதே அளவுத் திரையில் இரண்டு நெட்டைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. ஒவ்வொன்றும் 94 சதவீதம் தெரியும், திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. இவ்வளவு எளிய யோசனை எங்கள் ஃபிரேம்காரர்களுக்கு வரவில்லை. வாங்கப்போகிறவர்கள் திரையின் பிக்சலைக் கேட்காமல், நிமிர்ந்த படத்தை என்ன செய்வாய் என்று கேட்டு வாங்குங்கள்.

மற்ற எரிச்சல்கள். பேட்டரி கிடையாது, பிளக் வேண்டும். தூத்துக்குடி ஹாலில் இருக்கிற ஒரே பிளக்கில் டிவி, செட்டாப் பாக்ஸ், ரூட்டர், திருஇருதய ஆண்டவர் படத்தின் சிவப்பு விளக்கு. டிசம்பரில் ஸ்டாரும் குடில் சீரியல் செட்டும் சேர்ந்துகொள்ளும். கரண்ட் அதிகம் இழுக்கவில்லை. பத்து வாட்டு, பகல் முழுக்க ஓடினாலும் இரண்டு மாதக் கணக்கில் பத்து யூனிட். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்று அறிந்த அப்பா, கோடையில் ஏசியை விட்டுவிட்டு இதைத்தான் சந்தேகப்பட்டார். தானாக அணைந்து எரிய நேரம் குறிக்கலாம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடைவெளிதான். அதை இரவுக்குக் கொடுத்தாயிற்று. மாலை ஜெபமாலை நேரத்தில் யார் யாரோ பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருப்பதால் அம்மா அதன் மேல் துவாலையைப் போட்டு மூடுகிறாள். எட்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இரண்டாவது இடைவெளி கொடுக்க எத்தனை வரி மென்பொருள் வேண்டும்?

வாங்கலாமா என்றால், பிள்ளைகள் படம் மட்டும் அனுப்பப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். அதற்கு அப்பா அம்மா கையில் போன் இருக்கிறது. வீட்டில் பழைய ஆல்பம் இருந்து, ஒரு வாரம் உட்கார்ந்து ஏற்ற உங்களுக்குப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். இந்த வருஷம் இரண்டாவது ஃபிரேம் வாங்கித் தருகிறேன் என்றேன். "பிளக்குக்கு எங்கல போவ?" என்று அப்பா முடித்துவிட்டார். சித்தப்பா குடும்பத்தோடு 24ஆம் தேதியே வருகிறார். புத்தாண்டு முடிந்து அவர் பஸ் ஏறும்வரை ஃபிரேம் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள்.