கைலியும் கதாபாத்திரமும்

நம் கதைகளில் ஒருவன் கட்டம் போட்ட கைலியோடு நுழைந்தால், வாசகர் உடனே பெட்டியைப் பூட்டிக்கொள்கிறார். அவன் போக்கிரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிகாரன். வேஷ்டி என்றால் பெரிய மனிதர், கால்சட்டை என்றால் உத்தியோகஸ்தர். குணத்தை எழுதிக் காட்டும் சிரமத்தைத் துணியின் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்கிறோம். 'நாம்' என்று சொன்னது மரியாதைக்காக அல்ல. என் நாவல் ஒன்றில் வரும் திருடனுக்கு நானும் கைலிதான் உடுத்திவிட்டேன். ஏன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய் வந்த பிறகு கேட்க வேண்டியதாயிற்று. தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறவன் யூனிபாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கைலியைச் சுற்றிக்கொள்கிறான். அந்தக் கணத்தில்தான் அவன் மறுபடியும் தகப்பனாகிறான், அண்ணனாகிறான். ஒரு நல்ல கதை அங்கே ஆரம்பிக்கலாம். நாமோ போலீஸைக் கூப்பிடுகிறோம்.

அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பழவேற்காடு இருக்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டியது ஏரியின் அழகைக் கண்டு மயங்கி அல்ல, துணிக்காக. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க, இந்தக் கரையோர நெசவாளர்களின் துணியே பணமாக உதவிற்று. ஐரோப்பியர் வாயில் 'புலிகாட்' ஆன ஊர்ப்பெயர் துணியோடு கப்பலேறியது. கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் இன்றும் 'காயின் பெலிகாட்' என்றே சொல்கிறார்கள். அதை உடுத்தித் தொழுகைக்கும் போகிறார்கள். நைஜீரியாவில் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத் துணியின் இழைகளை வெட்டி நீக்கிப் புதுக் கோலம் உண்டாக்கி, சடங்குகளுக்கு உடுத்துகிறார்கள்.

பிஜித் தீவின் கதை இன்னும் சுவையானது. 'சூலு' என்னும் இடுப்புத் துணி 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கிறிஸ்தவனானதற்கு அடையாளம். பிறகு அதற்குப் பை வைத்துத் தைத்தார்கள். மேலே சட்டையும் டையும் சேர்ந்தன. அந்தக் கோலத்தில் அதிகாரிகள் ஆபீஸுக்கே வருகிறார்கள். இடுப்பைச் சுற்றும் துணிக்கென்று பிறவிக் கௌரவமோ பிறவி இழிவோ கிடையாது, பார்க்கிறவன் கொடுப்பதுதான்.

இங்கே 2014-ல், வேஷ்டி கட்டியவர்களைக் கிளப்புகளில் தடுக்கக் கூடாது என்று சட்டம் செய்தோம். நல்ல காரியம். ஆனால் வேஷ்டிக்காகக் கொதித்த நாம் கைலியைப் பற்றி மூச்சு விடவில்லை.

'கைலி கட்டிய போக்கிரியே உலகத்தில் இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறான். வேஷ்டி கட்டிய போக்கிரியும் இருக்கிறார். அவரை மட்டும் நாம் சாவகாசமாக, பத்து அத்தியாயம் கழித்துக் கண்டுபிடிக்கிறோம். அந்தப் பத்து அத்தியாயப் பொறுமையைத்தான் கைலிக்காரனுக்கும் கேட்கிறேன்.

மறுபதிப்பில் என் திருடனின் உடையை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். அவனைப் பிடித்துக் கொடுக்கும் நல்ல மனிதருக்கும் ஒரு கைலி உடுத்திவிடப் போகிறேன். பிறகு இருவரையும் வேறுபடுத்திக் காட்ட, நான் எழுதித்தானே ஆக வேண்டும்?