ஆயத்த ஆராதனைக்கு வராதவர்கள்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நேரம். மறுநாள் திருவிருந்து என்றால், நான் அறிந்த சபைகளில் ஆயத்த ஆராதனையும் அதே சாயங்காலம்தான். பந்திக்கு வருமுன் ஒருவன் தன் விசுவாசத்தையும் நடத்தையையும் தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த ஆராதனை அது.

இந்தப் பழக்கம் எனக்குப் பிரியமானது. பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குக் கை ஓடும் ஊரில், ஒரு மனிதனை அரைமணி நேரம் சும்மா உட்காரவைத்து, நம்புவதாகச் சொல்வதை நிஜமாகவே நம்புகிறாயா என்று கேட்க வேறு இடம் இல்லை. அப்படி உட்கார்ந்து எழுந்தவர்கள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பல வருஷப் பகையை முடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அங்கே கேட்கும் கேள்விகள் எவை? வேதம் வாசித்தாயா, ஜெபித்தாயா, கெட்ட வார்த்தை பேசினாயா. டைலருக்கு உதவும் கைமடிப் பெண்ணுக்கு ஓவர்டைம் காசை முழுசாக எண்ணிக் கொடுத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் நொய்யல் ஆறும் அந்தக் கேள்விகளில் வருவதில்லை. பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் எங்கள் ஊர்ச் சாயக் கழிவு தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலம் பாழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறைகள் திறக்க வேண்டுமென்று அன்று உருகி ஜெபித்தோம். வேலை போனவர்களுக்காக அப்படி ஜெபித்தது நியாயமே. ஆற்றுக்காக மன்னிப்புக் கேட்டதாக மட்டும் எனக்கு நினைவில்லை.

இத்தனைக்கும், சோதித்துப் பார் என்று பவுல் எழுதிய இடமே ஒரு சாப்பாட்டுத் தகராறு. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அந்த அதிகாரம் முடிவதும் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்ற கட்டளையோடுதான். பக்கத்தில் இருப்பவன் பசியைப் பற்றிய அந்தக் கேள்வியை நாம் தனி மனசுக்குள் சுருக்கிவிட்டோம்.

இன்னொரு குறையும் உண்டு. டைலர் தைத்த பீஸை டைலரே பாஸ் பண்ணுவதில்லை. செக்கிங் டேபிளில் வேறொரு கண் அதைத் திருப்பிப் பார்த்து, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்கும். கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தில் கேட்க இன்னொரு காதாவது இருக்கிறது. எங்களிடம் அதுவும் இல்லை. என் குற்றப்பத்திரிகையை நானே எழுதி, நானே படித்து, நானே தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறேன். சந்தேகத்துக்கும் அங்கே இடம் இல்லை. தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமாவைப் பரங்கிமலையோடு சேர்த்து நம் அப்போஸ்தலன் என்று பெருமை பேசுகிறோம். சாட்சி சொல்ல எழுந்தவர் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது என்றால் மட்டும் பதறிப்போகிறோம்.

சந்தேகத்தைச் சொல்லவிடுவது சுலபமாகவே வரலாம். அந்த இன்னொரு கண் யாருடையது என்பதுதான் கடினம். என் விசுவாசம் எப்படிப்பட்டது என்று என்னிடம் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களில் சிலர் எங்கள் சபையார்தான். ஆயத்த ஆராதனை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் சனிக்கிழமைகளில் அவர்கள் அந்நேரம் பவர் டேபிளில் இருக்கிறார்கள். சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு வந்து சேரும்போது நாங்கள் கதவைப் பூட்டியிருப்போம். ஆராதனையை ஒன்பது மணிக்கு மாற்றலாம் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். அதைவிட, என் கம்பெனியில் அன்று ஒரு ஷிப்டோடு மிஷினை நிறுத்தியிருக்கலாம். அதை நான் இன்னும் செய்யவில்லை.