நினிவேக்கு இரண்டு தீர்ப்புகள்

பைபிளில் எச்சரிக்கையும் இரக்கமும் முரண்படும் இடங்களைக் காட்டினால் உடனே ஒரு சமாதானம் வரும்: எச்சரிக்கை எல்லாம் நிபந்தனைக்குட்பட்டது, திருந்தினால் தண்டனை இல்லை. எரேமியா 18-ஆம் அதிகாரம் இதற்கு இடம் தருகிறது, உண்மைதான். ஆனாலும் இது பிரதியை இஸ்திரி போட்டு மடித்து வைக்கிற வேலையாகவே எனக்குப் படுகிறது. யார், யாரிடம், எங்கே நின்று பேசுகிறார்கள் என்ற கேள்வி அதில் காணாமல் போகிறது.

யோனாவை எடுத்துக்கொள்வோம். நாற்பது நாளில் நினிவே கவிழும் என்ற அவனது அறிவிப்பு எபிரேயத்தில் ஐந்தே சொற்கள். 'திருந்தினால்' என்ற பேச்சே அதில் இல்லை. நகரம் திருந்துகிறது, கடவுள் மனம் மாறுகிறார், யோனா கொதித்துப் போகிறான். பிரசங்கிகள் இந்தக் கோபத்தைக் குறுகிய யூத மனம் என்று கேலி பேசுவதுண்டு. அதே யூதர்கள்தான் பாவநிவாரண நாளில் யோனாவைத் தங்களுக்கு எதிராகவே வாசித்துவருகிறார்கள் என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

நினிவே என்ன சாதாரண ஊரா? கி.மு. 722 வாக்கில் சமாரியாவை வீழ்த்தி மக்களை நாடுகடத்திய அசீரியப் பேரரசின் பெருநகரம். யோனா நூல் அதற்குப் பிந்தி எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியென்றால் அதன் முதல் வாசகர்கள் அடிபட்டவர்களின் வாரிசுகள். யோனாவின் கோபம் அவர்களுடைய கோபம்.

இன்னொரு பிரதி நாகூம். நினிவேயின் அழிவைக் கைதட்டி வரவேற்கிறது. யாத்திராகமம் 34-இல் கடவுளின் குணம் சொல்லப்படும்போது நீடிய பொறுமையும் உண்டு, குற்றவாளியைத் தப்பவிடாமையும் உண்டு. யோனா முதல் பாதியை எடுத்து முறையிடுகிறான். நாகூம் இரண்டாம் பாதியை அழுத்துகிறார். இரண்டு நூல்களுமே கேள்வியில் முடிகின்றன. ஒன்று, லட்சத்து இருபதாயிரம் பேருக்கும் மிருகங்களுக்கும் பரிதபிக்கக் கூடாதா என்கிறது. மற்றது, உன் கொடுமை யாரைத்தான் விட்டது என்கிறது. தொகுத்தவர்கள் ஒன்றை வைத்து மற்றதை அழிக்கவில்லை.

நாகூமைப் புனிதப்படுத்துவது என் நோக்கமல்ல. நகரத்தைப் பெண்ணாக்கி அவளை அவமானப்படுத்துகிற அந்த மொழி ஆண் வன்முறையின் மொழிதான். அதைக் கேள்வி கேட்டாக வேண்டும். ஆனால் அதற்காக அடிபட்டவனின் குரலையே வெட்டிவிட முடியாது.

யோனாவில் இரக்கம் வருகிற வரிசையைப் பாருங்கள். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்குகிறான், அங்கியைக் கழற்றுகிறான், சாம்பலில் உட்காருகிறான், கையிலுள்ள கொடுமையை விடச் சொல்லி உத்தரவிடுகிறான். கடவுள் மனம் மாறுவது அதற்குப் பிறகுதான். நம் பிரசங்க மேடைகளில் இது தலைகீழ். அடித்தவன் இருந்த இடத்திலேயே இருப்பான். அடிபட்டவன் முதலில் மன்னித்தாக வேண்டும். எச்சரிக்கை ஏழைக்கு, இரக்கம் எசமானுக்கு!

நினிவே கி.மு. 612-இல் விழுந்தது. யோனாவின் வாசகர்களுக்கு இதுவும் தெரியும். தப்பிய நகரம் என்றைக்கும் தப்பிய நகரமல்ல. இரக்கத்தை அவர்கள் அதிகாரத்துக்குத் தரப்பட்ட நிரந்தர உரிமமாகப் படித்திருக்க முடியாது. நாம் மட்டும் ஏன் அப்படிப் படிக்க வேண்டும்?