முதல் இரைச்சல் யாருடையது?

1969இல் அமெரிக்காவின் சிகாகோ பக்கமிருந்து 'கோவன்' என்ற ராக் குழுவின் இசைத்தட்டு ஒன்று வந்தது. அதன் முதல் பாடலின் பெயர் 'பிளாக் சபாத்'. குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர் பெயர் ஓஸ் ஆஸ்போர்ன். தட்டின் கடைசியில் சாத்தான் பூசை ஒன்றை நிமிடக்கணக்கில் நடத்திக் காட்டியிருப்பார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து இளைஞர்கள் நால்வர் பிளாக் சபாத் என்ற குழுப்பெயரில், அதே பெயருள்ள தட்டை, அதே பெயருள்ள பாடலோடு தொடங்கி வெளியிட்டார்கள். பாடியவர் ஓசி ஆஸ்போர்ன். பெயரையும் பேயையும் மட்டும் சாட்சிக்கு அழைத்தால், ஹெவி மெட்டலின் பிறந்த வீடு சிகாகோதான் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். கோவனைக் கேட்டவர்கள் அப்படி எழுதுவதில்லை. அவர்களுடைய இசை அன்றைய சான்பிரான்சிஸ்கோ பாணி ராக். பேய் பாட்டு வரிகளோடு நின்றுவிட்டது, கிதாரில் ஏறவில்லை.

ராக் ரசிகர்களும் விமர்சகர்களும் பல பத்தாண்டுகளாக விடாமல் நடத்தும் 'யார் முதல்' விசாரணைக்கு இது நல்ல மாதிரி. அளவுகோலை மாற்றினால் தந்தையும் மாறிவிடுகிறார். கரகரப்பான கிதார் ஒலிதான் அடையாளம் என்றால், 1958இல் 'ரம்பிள்' வாசித்த லிங்க் ரே இருக்கிறார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பென்சிலால் குத்திக் கிழித்து அந்த உறுமலைக் கொண்டுவந்தவர். 1964இல் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் அதே வேலையைச் சவர பிளேடால் செய்தார். காதடைக்கும் சத்தம் வேண்டும் என்றால் 1968இல் சான்பிரான்சிஸ்கோவின் 'ப்ளூ சியர்', எடி காக்ரனின் பழைய பாட்டொன்றை அடித்து நொறுக்கி அமெரிக்கப் பட்டியலில் 14ஆம் இடம் வரை கொண்டுபோனது. முரட்டு ப்ளூஸ் என்றால் லெட் ஜெப்ளின். வேகம் என்றால் 1970இன் டீப் பர்ப்பிள். பெயர் சூட்டியவர் யார் என்று கிளம்பினாலோ இன்னும் வேடிக்கை: 1971இல் மைக் சாண்டர்ஸ் என்ற விமர்சகர் இந்தப் பெயரால் பாராட்டியது புரூக்ளினின் 'சர் லார்ட் பால்டிமோர்' குழுவை. இன்று அவர்களைத் தேடிக் கேட்பவர் சிலரே.

இந்த விசாரணையால் நன்மை இல்லாமல் இல்லை. தூசி படிந்த தட்டுகள் எத்தனையோ மறுபடி சுழன்றது இந்தச் சண்டையால்தான். கூர்ந்து கேட்கவும் அது பழக்குகிறது. 'எது முதல்' என்று வாதாட வந்தவர் 'எது மெட்டல்' என்று சொல்லியே ஆகவேண்டும். தொல்லை தொடங்குவது, மெட்டல் பிளாக் சபாத்தோடுதான் பிறந்தது என்ற பர்மிங்காம் கதை ஐதீகமாக இறுகிப்போன பிறகு.

அந்த ஐதீகத்தின் நடுநாயகம் சபாத்தின் கிதார்க் கலைஞர் டோனி அயோமியின் விரல்கள். தகட்டுத் தொழிற்சாலையில் வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், 17 வயதில், வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தவர் அவர். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தவேண்டியது அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி மறுபடி வாசிக்க வந்தார். இவ்வளவும் நடந்தது. இதற்கு மேல் ஒட்டவைத்ததுதான் இடிக்கிறது: விரல் வலியால் தந்தியைத் தளர்த்தினார், சுருதி இறங்கியது, மெட்டல் பிறந்தது என்பார்கள். ஆனால் பிறப்புச் சான்றிதழாகக் காட்டப்படும் அந்த முதல் பாடல் வழக்கமான சுருதியிலேயே வாசிக்கப்பட்டது. அயோமி மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971இல், மூன்றாவது தட்டில், அதுவும் சில பாடல்களுக்கு மட்டும். விபத்து அவரை மெல்லிய தந்திக்கும் இரண்டு மூன்று சுரங்களில் முடியும் பிடிகளுக்கும் தள்ளியது உண்மை. அவற்றைக் கொண்டு என்ன வாசிப்பது என்பதை முடிவு செய்தது அவருடைய செவி.

அந்தச் செவி எடுத்தது என்ன என்று கவனித்தால் அடுத்த கட்டுக்கதையும் ஆட்டம் காண்கிறது. பாடலின் தொடக்கம் மூன்றே சுரங்கள்: கீழ் ஸா, மேல் ஸா, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். மத்திமத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும். மேற்கில் இந்த இடைவெளிக்குச் 'சாத்தான் சுரம்' என்று பட்டம். இடைக்காலத் திருச்சபை தடை செய்தது என்று ஒவ்வொரு மெட்டல் ஆவணப்படமும் ஓதும். பாடகர்கள் தவிர்க்கவேண்டிய கடினமான இடைவெளி என்ற இலக்கண விதி இருந்தது. தடையாணை இருந்ததற்குச் சான்றில்லை. நம் கல்யாணியில் மங்களமாக ஒலிப்பதும் இதே பிரதி மத்திமம்தான், 72 மேளகர்த்தாக்களில் பாதிக்கு அது சொந்தம். பயம் சுரத்தில் இல்லை. நடுங்கும் அந்த நிற்றலிலும், சவ ஊர்வல நடையிலும், பில் வார்டின் டிரம்ஸ் விட்டுவைக்கும் வெற்றிடத்திலும் இருக்கிறது. பேஸ் வாசித்த கீசர் பட்லர், இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' இசையில் மயங்கிக் கிடந்தவர். அங்கிருந்தும் ஒரு கீற்று வந்திருக்கிறது.

தொழிற்சாலைச் சம்மட்டிச் சத்தமே மெட்டலானது என்பதும் எனக்கு ஏற்பில்லை. அதே புகையைச் சுவாசித்த பர்மிங்காம்தான் 'மூடி புளூஸ்' குழுவின் பட்டுக்குரலையும் ஸ்டீவ் வின்வுட்டையும் தந்தது.

அப்படியானால் சபாத்துக்கு ஏன் அந்த நாற்காலி? பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் மெட்டாலிகா, ஸ்லேயர், பான்டெரா என்று வரிசையாக ஏறி, சபாத் பாடல்களை வாசித்து நேர்த்திக்கடன் தீர்த்தார்கள். ஓசி 17 நாளில் இறந்துபோனார். ப்ளூ சியருக்கு இப்படி ஒரு வம்சம் வாய்க்கவில்லை. வாரிசுகள் வந்து தந்தையைத் தேர்ந்தெடுப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கலை வரலாறு பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால் அதே வாரிசு உரிமையை அளவுகோலாக வைத்தால், இன்னொரு பெயரையும் அருகில் உட்காரவைக்க வேண்டிவரும்: பக்கத்து ஊரான வெஸ்ட் பிராம்விச்சில் கிளம்பிய 'ஜூடாஸ் பிரீஸ்ட்'. 1976க்கும் 1980க்கும் இடையில் இரட்டைக் கிதாரும் தோலாடையும் வேகமுமாக வந்து, ராக்கில் மிச்சமிருந்த ப்ளூஸ் வாடையைக் கழுவிவிட்டவர்கள் அவர்கள். மெட்டல் தன்னைத் தனிச் சாதியாக உணர்ந்தது அதற்குப் பிறகே.

கழுவியதில்தான் பெரிய கோளாறும் இருக்கிறது. 1951இல் மெம்பிஸில் ப்ளூஸ் பாடகர் ஹவுலின் வுல்ஃபின் பக்கத்தில் உட்கார்ந்து வில்லி ஜான்சன் என்ற கறுப்பினக் கலைஞர் கிதாரைக் கரகரக்க வைத்தார். லிங்க் ரேக்கு ஏழு ஆண்டு முன்பு. வம்சாவளிப் படங்களில் அவர் பெயர் அபூர்வம். லெட் ஜெப்ளினின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில் தன் வரிகள் இருப்பதாக ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்த பிறகே அவருக்குச் சமரசமும் பெயரும் கிடைத்தன. வரிகளுக்கு வழக்குப் போடலாம். கரகரப்புக்கு யாரிடம் போய் முறையிடுவது?

பர்மிங்காம் கட்சிக்காரர்களும் தங்கள் ஆதாரத்தை முழுதாகக் கேட்பதில்லை. அந்த 1970 தட்டின் பிரிட்டிஷ் பதிப்பில் இரண்டு பாடல்கள் இரவல். ஒன்று அமெரிக்கக் குழுவினுடையது. இன்னொன்று, தட்டின் கடைசிப் பாடல் 'வார்னிங்', ஏன்ஸ்லி டன்பரின் ப்ளூஸ் குழுவிடமிருந்து எடுத்து பத்து நிமிடத்துக்கு நீட்டியது. 'முதல் மெட்டல் தட்டு' என்று சத்தியம் செய்பவர்களில் பாதிப்பேர் முதல் பாடலோடு ஊசியைத் தூக்கிவிடுகிறார்கள்.