சம்பளக்காரரின் போக்கர்: ஒரு கணக்குச் சரிபார்ப்பு

சேலம், நாமக்கல் பக்கத்துக்குச் சீட்டுக்கட்டு புதிதல்ல. மனமகிழ் மன்றங்களில் ரம்மி உண்டு, நோம்பி நாட்களில் தோட்டத்து மறைவில் மூணு சீட்டு உண்டு, பண்டிகைக்கு மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தில் ‘பணம் வைத்துச் சூதாடியவர்கள் கைது’ என்ற நாலு வரிச் செய்தியும் உண்டு. பிறகு எல்லாம் போனுக்குள் வந்தது. முதலில் ரம்மி வந்தது, அதன் பின்னால் போக்கர். ஆனால் ரம்மி ஆடுகிறவர் சொல்லாத ஒன்றைப் போக்கர் ஆடுகிறவர் சொன்னார்: “இது படித்து ஆடுகிற ஆட்டம். வேலையை விட வேண்டியதில்லை. ராத்திரி ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் பயிற்சி. வருஷக் கடைசியில் இன்னொரு சம்பளம்.”

இந்த வாக்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதுதான் இங்கே கேள்வி. சீட்டாட்டம் பாவமா என்பதற்குள் நான் போகப் போவதில்லை. அதற்கு ஊரில் ஆள் இருக்கிறார்கள்.

வாக்கின் பலமான பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். போக்கரில் திறமை உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. 2010-ஆம் ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரை ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் என்ற இரண்டு சிகாகோ பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். தொடருக்கு முன்பே கெட்டிக்காரர்கள் என்று அறியப்பட்டவர்கள் போட்ட பணத்துக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் லாபம் பார்த்திருந்தார்கள். மற்றவர்கள் 15 விழுக்காட்டுக்கு மேல் இழந்திருந்தார்கள். வெறும் அதிர்ஷ்டம் என்றால் இப்படிப் பிரியாது. 2015-இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஏறக்குறைய 1,500 கை, அதாவது 1,500 சுற்றுச் சீட்டு, ஆடிவிட்டால் அதிர்ஷ்டத்தைத் திறமை மிஞ்சத் தொடங்குகிறது என்றது. கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மில் போக்கரை வைத்து வணிக உத்தி பற்றிய பாடமே நடந்திருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே சாதித்தவருக்கும் உதாரணம் காட்டுவார்கள்: டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். 86 டாலர் கட்டி இணையத் தகுதிப் போட்டியில் நுழைந்து, 2003-இல் உலகப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் எடுத்தார்.

மணிமேக்கரை முதலில் ஒதுக்கிவிடலாம். அந்தப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். ஒருவர் ஜெயித்தே தீர வேண்டிய போட்டியில் ஒருவர் ஜெயித்ததைக் கொண்டு மீதி 838 பேருக்கு எந்த முடிவும் சொல்ல முடியாது. லெவிட், மைல்ஸ் ஆய்வை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆனால் அதில் லாபம் பார்த்த கூட்டம் எது என்று கவனிக்க வேண்டும்: பேர் எடுத்த எழுநூற்றுச் சொச்சம் பேர். நம் சம்பளக்காரர் உட்காரப்போவது மற்ற வரிசையில். 1,500 கை ஆய்வும் அப்படித்தான். பக்கத்து நாற்காலிக்காரரைவிட நான் நன்றாக ஆடுகிறேன் என்பது ஒரு செய்தி. எல்லாக் கழிவும் போக என் கையில் காசு மிஞ்சுகிறது என்பது வேறு செய்தி. முதலாவது உண்மையாக இருந்து இரண்டாவது பொய்யாக இருக்கலாம். போக்கரில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

காரணம் ரேக். ஒவ்வொரு பந்தயப் பணத்திலிருந்தும் ஆட்டத்தை நடத்துகிறவர் எடுத்துக்கொள்கிற பங்கு அது. 5 விழுக்காட்டை ஒட்டி, ஓர் உச்சவரம்போடு இருப்பது வழக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரைத் தெரிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டாம். அவருக்குக் கூலி அடிக்கணக்கில். ஆயிரம் அடியில் தண்ணீர் வந்தாலும் புகை வந்தாலும் பில் ஒன்றுதான். தண்ணீர் வருமா என்ற கவலை முழுக்கக் காட்டுக்காரருடையது. வண்டிக்காரர் தொழில் செய்கிறார், காட்டுக்காரர் பந்தயம் கட்டுகிறார். போக்கர் மேசையிலும் தொழில் செய்கிறவர் ஒருவர்தான், அவர் சீட்டைத் தொடுவதேயில்லை.

இனி கணக்குக்கு வருவோம். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போய்வருகிற ஒரு வங்கி ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். வீடு திரும்பி, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைப்பது ஒன்றரை மணி நேரம். இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு 70 கை ஓடும். ஆக ஒரு நாளைக்குச் சுமார் 100 கை. எல்லாக் கழிவும் போக 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் சம்பாதிப்பவர் நல்ல ஆட்டக்காரர் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். பெரிய பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம். அது 10 ரூபாய் உள்ள மேசையில் நம் ஊழியர் ஆடுகிறார். அவரை நல்ல ஆட்டக்காரர் என்றே வைத்துக்கொள்வோம், பெருந்தன்மையாக. அவருடைய எதிர்பார்ப்பு ஒரு ராத்திரிக்கு 50 ரூபாய். வருடத்துக்கு 18,250 ரூபாய். 2023 ஏப்ரல் முதல் இணைய விளையாட்டின் நிகர வெற்றிக்கு 30 விழுக்காடு வரி. அது போனால் 12,775. இதில் படிப்புக்கான நேரத்தைச் சேர்க்கவில்லை. இரண்டு பேருக்கு டீ, வடை, ஒரு நாளைக்கு.

“சிறிய மேசையைச் சொல்லி ஏமாற்றாதீர்கள், 100 ரூபாய் பிளைண்டில் ஆடினால் பத்து மடங்கு” என்பார்கள். ஆமாம், பத்து மடங்கு. அலைச்சலும், அதாவது ஏற்ற இறக்கமும், பத்து மடங்கு. இந்த ஆட்டத்தில் முடிவு 100 கைக்கு 80 முதல் 100 பெரிய பிளைண்ட் வரை மேலும் கீழும் ஆடும். 90 என்று வைத்தால், ஒரு வருடத்து 36,500 கையில் எதிர்பார்க்கும் லாபம் 1,825 பிளைண்ட், அலைச்சல் 1,700-க்குச் சற்று மேல். அதாவது நல்ல ஆட்டக்காரரே வருடம் முழுக்க ஆடியும் நஷ்டத்தில் முடிக்க ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 100 ரூபாய் மேசையில் ஒரு சாதாரண அலைச்சல் என்பதே ஒன்றே முக்கால் லட்சம்; வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவருக்கு அது சாதாரணம் அல்ல. அந்த மேசையில் எதிரே உட்காருகிறவர்களும் சிறிய மேசைக்காரர்கள் அல்ல.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் எனக்கு உண்மையான பயம் வருகிறது. 100 கைக்கு 3 பிளைண்ட் இழக்கும் சுமாரான ஆட்டக்காரர் ஒருவர். அவர் ஒரு வருடம் ஆடினால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் லாபத்தில் நிற்பார். நின்று, தனக்கு ஆட்டம் வந்துவிட்டது என்று நம்புவார், அடுத்த வருடம் பெரிய மேசைக்குப் போவார். அவர் சொல்வது பொய் இல்லை. அவர் கணக்குப் புத்தகம் அப்படித்தான் காட்டும்.

நாமக்கல் விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணால் பேர் வாங்கியவை. உட்கார்ந்து படித்தால் வரும், வரவில்லை என்றால் இன்னும் படி என்ற நம்பிக்கை இந்த மண்ணில் அந்தப் பள்ளிகளுக்கும் முந்தியது. தேர்வில் அது செல்லும், ஏனென்றால் சரியாக எழுதினால் மார்க் விழும், தப்பாக எழுதினால் குறையும். போக்கரில் சரியான முடிவு எடுத்தவர் தோற்கிறார், தப்பான முடிவு எடுத்தவர் பணத்தை வாரிக்கொண்டு போகிறார், அடுத்த கையில் மாறுகிறது. யார் சரி என்று தெரிய ஒரு லட்சம் கை வேண்டும். அப்போதும் முழு நிச்சயம் வராது. ஒரு நாளைக்கு 100 கை என்றால் அது 1,000 நாள். ஒன்றரை மணி நேரத்தில் பாதியைப் படிப்புக்குக் கொடுத்தால் 2,000 நாள், ஐந்தரை வருடம். 2015-இல் பியோசால்வர் போன்ற கணினிக் கருவிகள் வந்த பிறகு நல்ல ஆட்டம் எது என்பதே சில வருடங்களுக்குள் மாறிப்போனது. முழுநேரமாக நாலு மேசையில் ஒரே சமயத்தில் ஆடுகிறவர் அந்த ஒரு லட்சத்தை இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுவார். நம் ஊழியருக்கு விடை வரும்போது கேள்வித்தாள் மாறியிருக்கும்.

படிப்பு பயனற்றது என்று சொல்லவில்லை. ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். நடுவில் நாலு சீட்டு விழுந்துவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி. உங்களிடம் நாலு ஹார்ட்டின் சேர்ந்திருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஜெயிப்பு. பந்தயப் பணம் 300 ரூபாய். எதிராளி 150 வைக்கிறார். நீங்கள் 150 வைத்தால் மொத்தம் 600. ஆகவே நாலில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டும். கண்ணில் படாத சீட்டு 46, அதில் ஹார்ட்டின் 9. கணக்கு 19.6 விழுக்காடு. சீட்டைப் போட்டுவிட வேண்டும். பிறகு கிடைக்கக்கூடிய பணத்தையும் சேர்த்தால் மாறும் என்று விவரமானவர் சொல்வார். சேர்க்கலாம், எதிராளியை அறிந்து அளவாக. இது அழகான கணக்கு; பத்தாம் வகுப்பு நிகழ்தகவுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு தெரிந்த ஆள், பள்ளிபாளையம் தறிக்கூடத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, ராத்திரி பதினொன்றரைக்குப் போனைப் பிடித்திருக்கிறார். முந்தைய இரண்டு கையில் தோற்றிருக்கிறார். அவர் 150 ரூபாயைப் போடுவார். போடுகிற ஒவ்வொரு தடவையும் சராசரியாக 32 ரூபாய்க்கு மேல் நஷ்டம். நல்ல ஆட்டக்காரரின் ஒரு ராத்திரிச் சம்பாத்தியமே 50 ரூபாய் என்று பார்த்தோம்; அசதியில் வைத்த ஒரே ஒரு பந்தயம் அதில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கித் தின்றுவிட்டது. படிப்பு சொல்லிக்கொடுத்ததை உடம்பு செய்ய விடவில்லை. மேசையைச் சுற்றி இருப்பவர்களில் யார் காலையில் தூங்கி எழுந்து வந்தவர் என்பதுதான் அந்த நேரத்தில் பெரிய திறமை வித்தியாசம்.

நம் நீதிமன்றங்களும் சட்டசபையும் வெகுகாலம் வாதாடியது இதைப் பற்றி அல்ல, திறமையா அதிர்ஷ்டமா என்பதைப் பற்றி. 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூது என்றது. தமிழ்நாடு 2021-இல் இணையச் சூதாட்டத்துக்குக் கொண்டுவந்த தடையை அந்த ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு, அவசரச் சட்டம், மசோதா, அதை ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகக் காட்டிய அட்டவணையை மட்டும் வெட்டியெடுத்தது. சட்டக்கல்லூரி மாணவருக்கு நல்ல தீனி. சம்பளக்காரருக்கு இதில் ஒன்றும் இல்லை. போக்கர் திறமை ஆட்டம்தான் என்று முழுக்க ஒப்புக்கொண்டாலும், அந்தத் திறமை பலிக்கத் தேவையான கைகளும் தெளிவான மணி நேரங்களும் அவரிடம் இல்லை.

இந்த நீண்ட வரிசையில் கடிகாரத்தைப் பார்த்த விதி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம், பணம் வைத்து ஆடும் தளங்களை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை மூடச் சொன்னது. ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நிறுவனங்கள் இதைத் தனிமனித உரிமைப் பிரச்சினையாக எடுத்துப் போயின. ஆட்டத்தின் தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஆடுகிறவரின் தூக்கத்தைப் பற்றிப் பேசிய அந்த விதியை நான் மற்றச் சட்டங்களைவிட உயர்வாக மதிக்கிறேன். அதற்கு ஆயுள் கம்மி. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது என்று மொத்தமாக மூடிவிட்டது. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

என் தீர்ப்பு தடையைச் சார்ந்தது அல்ல. நாளைக்கே தடை நீங்கினாலும் அதுவேதான். முழுநேர வேலையில் இருப்பவருக்குப் போக்கரைப் படிப்பது தகும், சதுரங்கம் படிப்பதுபோல. நிகழ்தகவு புரியும், தன் கோபம் தனக்குத் தெரியும். காசில்லாத மேசையில் ஆடிப்பார்ப்பதும் தகும். இரண்டாவது வருமானம் என்ற கணக்கில் அது தேறாது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடினால் தேறுமா என்று யாராவது கேட்டால், ஒரு சிலருக்குத் தேறலாம். அவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம்.

தடைக்குப் பிறகு வேறொரு பேச்சு கிளம்பியிருக்கிறது: வி.பி.என். போட்டால் வெளிநாட்டுத் தளத்தில் ஆடலாம், வரிப் பிடித்தம் இல்லை, நள்ளிரவுத் தடையும் இல்லை என்று. இல்லைதான். ரேக் உண்டு, அலைச்சல் உண்டு, பதினொன்றரை மணி அசதியும் உண்டு. ஜெயித்த பணத்தை அவர்கள் அனுப்ப மறுத்தால், ராசிபுரம் காவல் நிலையத்தில் மனுவை எந்த ஊர், எந்த நாட்டு முகவரிக்கு எதிராக எழுதுவது என்பதையும் ஆடப் போகிறவர் முதலில் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.